கோவை நேரு ஸ்டேடியம், 2018-19: செத்துப்போன போனும் ஒரு போலி ஜெர்சியும்

சென்னை சிட்டி எஃப்.சி. என்ற கால்பந்து அணி, தேசிய அளவிலான ஐ-லீக் கோப்பையை அடித்த 2018-19 சீசனை கேலரியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கோவையில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். அந்த அணிதான் இல்லை. 2020-21க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. பெரிய அணி என்றால் அதன் பழைய சீசனைப் பாதுகாக்க ஆபீஸ் இருக்கும், ஆள் இருப்பார்கள். நம்முடையது மாதிரி சின்ன அணி கடையை மூடிவிட்டால், மிச்சம் இருப்பது பார்த்தவர்களின் போனில் கிடக்கிற படமும் வீடியோவும்தான். என் போன் ஒரு நாள் சார்ஜில் போட்டபடியே செத்தது. அதில் இருந்த அந்த ஒரு சீசனைத் திரும்ப எடுக்கப் போய் பதினைந்தாயிரத்துக்கு மேல் பணமும், ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதலில் அந்த சீசன் ஏன் இவ்வளவு பெரிது என்று தெரியாதவர்களுக்காக. பெயர் சென்னை, ஆட்டம் கோவை. இதை வைத்து எங்களுக்குள் ஓடிய கிண்டலுக்கு அளவே இல்லை. சீசன் தொடங்கும்போது இந்த அணியை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017-ல் ஐ-லீக்குக்குள் வந்த அணி, முதல் இரண்டு சீசனும் கீழ்ப்பாதியில்தான் முடித்தது. அப்புறம் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினில் இருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ, எஸ்லாவா என்று ஒரு கூட்டம், கோல்கீப்பர் நௌசெட் சந்தானா உட்பட. கூடவே எட்வின், ரொமாரியோ, அஜித்குமார் என்று நம்ம தமிழ்நாட்டுப் பையன்கள். முதல் ஆட்டமே இந்தியன் ஏரோஸுடன், 4-1. மான்சி ஹாட்ரிக். அன்றைக்கு கேலரியில் கூட்டம் என்று சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அடுத்தடுத்த ஆட்டங்களில் சேர ஆரம்பித்தது. பொங்கலை ஒட்டி ஈஸ்ட் பெங்காலை இங்கே 2-1 என்று சாய்த்தபோது, மைதானத்தைச் சுற்றியுள்ள ஸ்போர்ட்ஸ் கடைக்காரர்களே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

நேரு ஸ்டேடியத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மைதானத்துக்கும் கேலரிக்கும் நடுவே ஓட்டப்பாதை இருக்கிறது. ஆட்டக்காரர் முகம் சரியாகத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் போனைத் தூக்கி ஜூம் செய்தபடியே பார்த்தோம். வீடியோவில் பாதி நேரம் முன் வரிசைக்காரரின் பின்னந்தலைதான் இருக்கும். ஆனால் சத்தம் இருக்கும். எனக்கு வேண்டியதே அந்தச் சத்தம்தான்.

கடைசி நாள், 2019 மார்ச் 9. கணக்கு சிக்கலாக இருந்தது. நமக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இங்கே நாம் முந்தைய சாம்பியன் மினர்வா பஞ்சாபோடு, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் அவர்கள் கோகுலம் கேரளாவோடு. நாம் ஜெயித்தால் வேறு யாரையும் பார்க்க வேண்டியதில்லை. சரி என்று உட்கார்ந்தால் மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா கோல். இடைவேளை வரை அதே 0-1. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், டெக்ஸ்மோ பம்ப் விளம்பரம் போட்ட துண்டைத் தலையில் கட்டியிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல் "கோழிக்கோட்டுல என்னாச்சுங் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு நெட் கிடைக்கவில்லை. கேலரி முழுக்க ஒரே நேரத்தில் போனைத் தட்டினால் எப்படிக் கிடைக்கும்? இரண்டாம் பாதியில் பெனால்ட்டி, மான்சி அடித்தார், 1-1. அப்புறம் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா ஒரு கோல். கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் கோழிக்கோட்டில் கோகுலம் கோல் போட்டதாகவும் செய்தி வந்தது. எல்லாம் முடிந்தது என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் திருப்பி அடித்து 2-1 என்று முன்னிலை. அதாவது, இங்கே மினர்வா ஒரு கோல் போட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. அந்தக் கடைசி சில நிமிஷங்களில் பெரியவர் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். கூடுதல் நேரத்தில் போரா மறுபடியும். 3-1. மொத்தம் 43 புள்ளி, அவர்களுக்கு 42. இருபது ஆட்டத்தில் 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. மான்சி மட்டும் 21 கோல்.

இதெல்லாம் என் போனில் இருந்தது. அந்தப் பெனால்ட்டிக்கு முன்னால் கேலரி மொத்தமும் அடங்கிப்போனது, பிறகு வெடித்தது, பெரியவரின் துண்டு காற்றில் போனது, எல்லாம்.

போன் போனபோது முதலில் பதறவில்லை. கூகுள் போட்டோஸில் இருக்கும் என்ற நம்பிக்கை. உள்ளே போனால் படங்கள் இருந்தன, வீடியோ ஒன்றுகூட இல்லை. அப்போது நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் செய்ததுதான், மொபைல் டேட்டாவில் வீடியோ பேக்கப் ஆகக்கூடாது என்று அமைத்து வைத்திருந்தேன். வீட்டில் வைஃபை வந்தது கொரோனாவுக்குப் பிறகு. உங்கள் போனில் இன்றைக்கே இதைத் திறந்து பாருங்கள்: 2019 மார்ச்சுக்குப் போய், படம் மட்டுமல்ல, ஒரு வீடியோவாவது ஓடுகிறதா என்று. ஓடினால் அது எந்த மெயில் கணக்கில் இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஜூனுக்கு முன்னால் ஏற்றிய படங்கள் இட அளவில் சேராமல் இலவசமாகப் போயிருக்கலாம், அதற்குப் பின் ஏற்றியவை இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கணக்கை கூகுள் மொத்தமாகவே நீக்கலாம். பழைய போனில் போட்டுவிட்டு மறந்த மெயில் ஐடி பலருக்கும் இருக்கும், அதற்குள் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.

அடுத்தது ரிப்பேர் கடை. காந்திபுரம் பக்கம் ஒன்று, பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த தம்பி போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தர்லாங்ணா, டேட்டாவெல்லாம் அப்படியே வந்துரும்" என்றார். பார்ப்பதற்கு 1,500 ரூபாய். நாலைந்து நாள் கழித்து, "மதர்போர்டு வேலைங்ணா, 7,500 ஆகும்". கொடுத்தேன். அப்புறம் தினமும் போன், "நாளைக்குங்ணா". முப்பது தடவை "நாளைக்கு" கேட்ட பிறகு போன் திரும்பி வந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. உள்ளே ஒரு பக்கம் ஸ்க்ரூ இல்லை, போர்டின் ஓரத்தில் தீய்ந்த பழுப்பு நிறம், பற்றவைக்கப் பூசும் ஃப்ளக்ஸ் வாசனை. ஹீட் கன்னை வைத்து வறுத்திருக்கிறார்கள். பணம் கேட்டேன், "வேலை செஞ்சதுக்குங்ணா காசு, டேட்டாவுக்கு இல்ல" என்று பதில். கோபத்தில் கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் தொகையைச் சொல்லவே இரண்டு நாள் ஆனது. "அந்தக் காசுக்குப் புதுப் போனே வாங்கியிருக்கலாமுங்களே" என்றார். நியாயம்தான், ஆனால் அதில் அந்தச் சத்தம் இருக்காதே.

உண்மையைச் சொன்னது சென்னையில் ஒரு கடைக்காரர், அதுவும் காசு வாங்காமல். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன், இது பலருக்கு உதவும். இப்போதைய ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் தகவல் பூட்டிய நிலையில்தான் எழுதப்படுகிறது. அந்தப் பூட்டின் சாவி அதே போர்டில் இருக்கும் பிராசஸரோடு பிணைந்தது. மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறொரு மெஷினில் வைத்துப் படித்தால் கிடைப்பது குப்பை. அதனால் செத்த போனில் இருந்து தகவல் எடுக்க ஒரே வழி, அந்தப் போர்டையே திரும்ப உயிர்ப்பித்து, உங்கள் பின் நம்பரைப் போட்டுத் திறப்பது. போர்டைக் கருக்கிவிட்டால் கதை முடிந்தது. ரீசெட் செய்தாலோ, எல்லாவற்றையும் அழித்து சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றினாலோ சாவியே அழிந்துவிடும். எனவே கடையில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "எனக்குப் போன் வேண்டாம், உள்ளே இருக்கிற டேட்டாதான் வேண்டும், சாஃப்ட்வேர் போடக் கூடாது, ரீசெட் செய்யக் கூடாது." இதைக் கேட்டதும் தயங்கும் கடையில் இருந்து போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தகவல் கிடைத்தால் மட்டும் பணம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் போனின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டு தனியாகப் போட்டிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். சாதாரணமாகப் போட்ட கார்டு பூட்டியிருக்காது, பெரும்பாலும் அப்படியே படிக்கலாம். என் கார்டில் இருந்ததெல்லாம் பாட்டு.

வீடியோ போனது போகட்டும், ஒரு ஜெர்சியாவது கையில் இருக்கட்டும் என்று அடுத்து ஆரம்பித்தேன். மனசு ஒரு பக்கம் அடிபட்டால் இன்னொரு பக்கம் ஓடுகிறது, என்ன செய்ய. பழைய ஜெர்சி வாங்கி விற்கும் ஒரு குழுவில் ஒருவர், "சாம்பியன் சீசன், ஆட்டத்தில் போட்டது" என்று படம் போட்டிருந்தார். 6,500 சொன்னார், 6,000-க்குப் பேசினோம். பாதி முதலில், பாதி கூரியர் நம்பர் வந்ததும். ஜெர்சி வந்தது. பிரித்ததும் மூக்கில் ஏறியது புதுத் துணி வாசனை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் நண்பனிடம் காட்டினேன். அவன் அதை உள்பக்கம் திருப்பினான், வெளிப்பக்கம் பார்க்கவே இல்லை. அக்குள் மடிப்பை இரண்டு விரலில் இழுத்தான். "ஒரு சீசன் ஓடி ஆடின துணின்னா இங்க பில்லிங், அதான் நூல் சின்னச் சின்னதா உருண்டிருக்கும்டா, தையல் இழுத்திருக்கும். இது ஓவர்லாக் மெஷின்ல இருந்து போன வாரம் இறங்கினது. வாஷ் கேர் லேபிளைப் பாரு, இல்லவே இல்ல." நான் கண்ணீர் விடாத குறைதான். அவன் சிரித்துவிட்டு, "எங்க ஊர்லயே தெச்சிருப்பாங்க, கேட்டிருந்தா இருநூறு ரூபாய்க்கு நானே தெச்சுக் கொடுத்திருப்பேன்" என்றான். மார்பில் இருந்த விளம்பரதாரர் பெயர்கூட அந்த சீசனுடையது இல்லை என்பது, பிறகு பழைய படங்களோடு ஒப்பிட்டபோது தெரிந்தது.

பழைய ஜெர்சி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் உள்பக்கத் தையல், கழுத்து லேபிள், வாஷ் கேர் லேபிள் மூன்றையும் வெளிச்சத்தில் எடுத்த படமாகக் கேளுங்கள், பக்கத்தில் ஒரு தாளில் அன்றைய தேதியை எழுதி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். அவர் போட்ட படத்தை இணையத்தில் படம் வைத்தே தேடிப் பாருங்கள், வேறு யாரோ விற்றதாக வந்தால் விட்டுவிடுங்கள். எந்த ஆட்டத்தில் போட்டது என்று கேட்டு, அந்த ஆட்டத்தின் பத்திரிகைப் படத்தில் எண், விளம்பரம், கை ஓரம் பொருந்துகிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பணம் தரும் முறை இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். ஏமாந்தது தெரிந்த உடனே 1930-க்குப் போன் செய்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் போடுங்கள். பணம் அந்தக் கணக்கில் இருந்து நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்த முடியும். நான் கூப்பிட்டபோது அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. வங்கியில், நீங்களே அனுப்பியது சார் என்று கைவிரித்தார்கள். புகார் எண் மட்டும் இருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு, ஒரு சல்லிக்காசு செலவில்லாத வழியில்தான் கொஞ்சம் கிடைத்தது: கூட உட்கார்ந்து பார்த்தவர்களைத் தேடிப் போவது. அந்த நேரத்தில் கேலரி நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம், பாதிப் பேர் வெளியே போயிருந்தார்கள். ஒவ்வொருவராக அழைத்தேன். கேட்கும்போது "மார்ச் 9 வீடியோ இருக்கா?" என்று கேட்டால் "தேடிப் பார்க்கறேங்க" என்பார்கள், அதோடு சரி. அதற்குப் பதிலாக, போன் மெமரியில் வாட்ஸ்அப் ஃபோல்டரைத் திறந்து 20190309 என்று தேடச் சொன்னேன். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தின் பெயரிலேயே தேதி இருக்கும், IMG என்று ஆரம்பித்து அடுத்து வருஷம், மாதம், நாள். கேமராவில் எடுத்ததும் பல போன்களில் இதே மாதிரிதான். இப்படிக் கேட்ட அன்றைக்கே கிடைத்தது அதிகம். அனுப்பும்போது படமாக அனுப்ப விடாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுருங்கி, வீடியோவில் பந்தே காணாமல் போய்விடும். வந்ததை உடனே இரண்டு இடத்தில் வையுங்கள். பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், வருஷக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அதுவும் மறந்துவிடும். ஒரு ஹார்டு டிஸ்க், ஒரு இணையக் கணக்கு. வருஷம் ஒரு முறை திறந்து ஓட்டிப் பார்ப்பது.

கோவை கணபதியில் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் அந்த சீசன் செய்திகளை முழுக்க வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். நான் போனபோது நோட்டு முழுக்க செலோடேப், ஒட்டிய இடமெல்லாம் தேன் நிறத்தில் இறங்கி எழுத்தை மூடியிருந்தது. இரண்டு பக்கம் லேமினேட் வேறு. லேமினேட் செய்த தாளைப் பிரிக்கவே முடியாது, சூட்டில் சில இடத்தில் குமிழி எழும்பியிருந்தது. அவரை உட்கார வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்தேன். பத்திரிகைத் துண்டை ஒட்டாமல், தனித்தனிக் கவரில் வைத்தால் போதும். முதலில் ஸ்கேன், பிறகு எது வேண்டுமானாலும். பேருந்து டிக்கெட், பில் மாதிரி சூட்டில் அச்சாகும் தாளை லேமினேட் செய்யவே கூடாது, மொத்தமும் கறுத்துவிடும். கோழிக்கோட்டுக்கு ஆட்டம் பார்க்கப் போன பஸ் டிக்கெட்டை நான் பர்ஸிலேயே வைத்திருந்தேன், இப்போது அது வெறும் வெள்ளைத் தாள்.

மாஸ்டரின் நோட்டில்தான் மறந்தே போன ஒன்று நினைவுக்கு வந்தது. சீசன் நடுவில், மிச்ச ஆட்டங்களில் பல டிவியில் வராது என்று அறிவித்து, ஐ-லீக் அணிகள் கொதித்த செய்தி அது. எல்லா ஆட்டத்துக்கும் ஒழுங்கான பதிவு இருக்கும் என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க முடியாது, கேலரிக்காரனின் ஆடும் கையில் எடுத்ததுதான் சில கோல்களுக்குச் சாட்சி. இ-பேப்பர்களையும் நம்ப வேண்டாம், பல பத்திரிகைகள் பழைய நாட்களை இலவசமாகக் காட்டுவதில்லை. சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு, சட்டப்படி நாட்டில் வெளிவரும் பத்திரிகைகளின் பிரதி போக வேண்டும். தேதியும் பதிப்பின் பெயரும் குறித்துக்கொண்டு போனால் வேலை சுலபம். வெறுமனே "ஃபுட்பால் செய்தி வேண்டும்" என்று போனால் நாள் போய்விடும்.

நோட்டை மூடும்போது மாஸ்டர் சொன்னது, "தம்பி, அவங்க நாலு வருஷம் முன்னாடியே ஜெயிச்சுட்டாங்க." சரியான கணக்கு. 2022-23-ல் ஐ-லீக்கை ஜெயித்த பஞ்சாப் அணியை மேல்நிலை லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற்றினார்கள். நம் காலத்தில் ஜெயித்தாலும் ஏறும் படி கிடையாது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் நம் அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியதாகச் செய்தி வந்தபோது நாங்கள் கட்டிய கோட்டைகள் கொஞ்சமா? ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதல்கட்ட ஆட்டம்கூட கோவையில் இல்லை, அகமதாபாத்தில் நடந்தது, பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1. அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார். அப்புறம் கொரோனா. அடுத்த சீசன் முழுவதையும் வங்காளத்தில் நடத்தினார்கள். நேரு ஸ்டேடியத்தில் அவர்களைக் கடைசியாகப் பார்த்த நாளை, இதுதான் கடைசி என்று தெரியாமலே பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்.

இப்போது என் கையில் மார்ச் 9-இன் பெனால்ட்டி இருக்கிறது, வேறொருவர் எடுத்தது, எதிர்ப் பக்கக் கேலரியில் இருந்து. என் பக்கத்துச் சத்தம் அதில் தூரத்தில் கேட்கிறது. ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின் படங்கள் நிறைய இருக்கின்றன. இன்னும் அகப்படாதது இந்தியன் ஏரோஸ் ஆட்டம், மான்சியின் முதல் ஹாட்ரிக். அன்றைக்கு வந்திருந்ததே கொஞ்சம் பேர். அதில் நீங்கள் ஒருவர் என்றால், போனில் 20181026 என்று தேடிப் பாருங்கள், ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். தயவுசெய்து டாக்குமெண்டாக அனுப்புங்கள்.